திராட்சைச் சக்கையும் என் ரத்தமும்

ராசா,

நீ மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வெளிநாடு போய்ப் பதினோரு நாள் ஆகிறது. தினமும் போனில் உன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். அங்கே குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று கேட்டுவிடுகிறேன். ஆனால் போனை எடுத்தால் பேச நினைத்ததைத் தவிர மற்றதெல்லாம் பேசிவிடுகிறேன். உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார், நீ சிரிக்கிறாய், படம் அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இன்று எனக்கு வேலை இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. உன் அப்பா திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மேற்கே மலை இருக்கிறதா என்றே தெரியாதபடி மேகம் கீழே இறங்கியிருக்கிறது. சாரல் விழுகிற மாதிரியும் இருக்கிறது, விழாத மாதிரியும் இருக்கிறது. இப்படிப்பட்ட மத்தியானத்தில் மனதில் இருப்பதைச் சொல்வது கொஞ்சம் சுலபம். இதில் நான் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது நாம் கம்பத்துக்கு ரத்தம் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஈஸ்டர் முடிந்த மறுநாள். எனக்கு ரொம்ப நாளாக அசதி, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின நாள் கறிக்குழம்பு மிச்சம் இருந்தது. அதை இட்லிக்கு ஊற்றி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சாப்பிடாமல் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், எனக்குத்தான் அது பெரிதாகப் படவில்லை. லேபில் இருந்த பெண் மலையாளம் கலந்து பேசுகிறவள், குமுளிப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ரத்தம் அடியில் இறங்கியிருந்தது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், தேங்காய்ப்பாலைப் போல வெள்ளையாக இருந்தது. "நெய்யா குடிச்சிட்டு வந்தீங்க சேச்சி?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "யம்மா, ஒன் ரத்தத்துல பாலு இருக்கு" என்று சத்தமாகச் சொன்னாய். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு உன்னிடம் குனிந்து சொன்னாள். சாப்பிட்டதும் அதில் இருக்கிற கொழுப்பு ரத்தத்துக்கு வரும், சில மணி நேரம் இப்படிக் கலங்கி நிற்கும், பிறகு மெல்ல மெல்லத் தெளிந்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள். "நாளைக்கு அம்மாவ வெறும் வயித்தோட கூட்டிட்டு வா மோனே." மறுநாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனோம். அப்போதும் என் ரத்தம் தெளியவில்லை. மற்றவர்களுக்குப் போய்விடுகிற கொழுப்பு எனக்குப் போவதில்லை, பிறவியிலேயே அப்படி என்று டாக்டர் சொன்னார். ஆயுசுக்கும் மாத்திரை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, "மத்தவகளுக்கு அது எங்கன போகுதும்மா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. சுருளிப்பட்டி தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தாய். அந்தக் கேள்வியோடுதான் நீ பெரியகுளம் போய்ப் படித்தாய் என்றும், பிறகு ஆராய்ச்சிக்குக் கோயம்புத்தூர் போனாய் என்றும் நான் நினைத்துக்கொள்வதுண்டு. நீ அப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஒரு தாய்க்கு இப்படி நினைத்துக்கொள்ள உரிமை உண்டு.

ஒயின் ஆலையில் எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். பழம் பிரிக்கிற மேசையில் எதிரும் புதிருமாக நானும் சகாயமும். காலையில் லாரி வந்து நிற்கும்போது பன்னீர்த் திராட்சையின் மேல் அந்த வெளுத்த பூச்சு அப்படியே இருக்கும். விரல் பட்ட இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். பழம் நொதித்து, பிழிந்து, சாறு குழாய் வழியாகப் போன பிறகு மிஞ்சுவது சக்கை. தோலும் விதையும் காம்பும். அதைக் கொட்டகைக்குப் பின்னால் குவிப்பார்கள். மார்கழிக் குளிரிலும் அந்தக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். மேலே ஆவி எழும்பும், தேனீ மொய்க்கும். அந்த வாசத்தை நாள் முழுக்க மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றால் மத்தியானத்துக்கு மேல் எல்லாம் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும். சகாயம் தன்னை அறியாமல் மாதாப் பாட்டுப் பாடுவாள், நான் கூடவே பாடுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கிண்ணத்தை உயர்த்தும்போது ஊதாக் கறை போகாத என் நகங்களைப் பார்த்துக்கொள்வேன். சாறு அங்கே மேலே போய்விட்டது. சக்கை உரக்குழிக்குப் போய்விட்டது. அதை நினைத்து நான் வருத்தப்பட்டதில்லை. நீ வந்து சொன்ன பிறகுதான் வருத்தப்பட்டேன்.

நீ சொன்னாயே, "யம்மா, அந்தச் சக்கையில இருக்கிற சத்து, சாப்பிட்டப்புறம் ரத்தத்துல ஏறுற கொழுப்பக் கொறைக்குதான்னு பாக்கப்போறேன்" என்று. நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் ரத்தம், என் சக்கை, என் மகன். மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எனக்குச் சாமி காரியமாகத் தோன்றியது. நீ பொறுமையாக விளக்கினாய். ஆட்களை வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, வெண்ணெய் நிறையப் போட்ட சாப்பாட்டைக் கொடுப்பாயாம். சிலருக்கு அதில் சக்கைப்பொடி, சிலருக்கு அதே நிறத்தில் வேறு பொடி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, அது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாயாம்.

"என்னையும் சேத்துக்கலே" என்றேன்.

"சொந்தக்காரங்க சேரக் கூடாதும்மா. அதோட நீ மாத்திர சாப்பிடுற ஆளு."

நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுப்பான், பெற்றவளுக்குக் கொடுக்க மாட்டானா என்று. நீ சக்கையை எவ்வளவு கவனமாக எடுத்துப் போனாய் என்று பார்த்தேன். அன்றைக்கே பிழிந்ததாக இருக்க வேண்டும், பூஞ்சை இருக்கக் கூடாது, கொடிக்கு அடித்த மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாயே. அதெல்லாம் படித்தவர்கள் செய்கிற சடங்கு என்று நினைத்தேன்.

நீ சக்கையை எடுத்துப் போன அதே வாரம் நானும் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு வாளிச் சக்கை வாங்கி வந்தேன். மொட்டைமாடியில் பாயை விரித்துக் காயவைத்தேன். மில்லில் மிளகாய் அரைக்காத நேரமாகப் பார்த்து அரைத்து வந்தேன். செங்கல் நிறத்தில் ஒரு பொடி. மத்தியானம் சாப்பிட்டதும் மோரில் ஒரு கரண்டி கலந்து குடிப்பேன். புளிக்கும், பிறகு தொண்டையில் கசந்து பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு வருமே ஒரு கிறக்கம், சிறுவயதிலிருந்தே அது எனக்குப் பிடிக்கும். பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். வெயில் ஏறும்போது மேகமலையில் இருந்து மேகம் விலகுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதேபோல என் ரத்தத்தில் இருந்து அந்த வெள்ளை விலகிப் போவதாக நினைத்துக்கொள்வேன். நினைக்க நினைக்க உடம்பு லேசாகும். ஒரு நாள் மாத்திரை போட மறந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வேண்டுமென்றே போடவில்லை. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு தினமும் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிச் செம்பருத்தித் தொட்டியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவேன். உன் அப்பா அட்டையைப் பார்ப்பார் என்று தெரியும்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு நீ வீட்டுக்கு வந்தாய். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக உன் முகத்தில் இருந்த பரபரப்பு அன்றைக்கு இல்லை. "முடிஞ்சிருச்சும்மா. பொடி சாப்பிட்டவுகளுக்கும் சாப்பிடாதவுகளுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல" என்றாய். "கொஞ்சம்கூடவா?" என்றேன். "சில பேருக்குக் கொறஞ்ச மாதிரி இருக்கு, சில பேருக்கு இல்ல. அது தற்செயலாக்கூட இருக்கலாம். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்ச பேர வச்சுப் பாத்ததுதான."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "கொறஞ்சவுகள மட்டும் சேத்து, கொஞ்சம் கூட்டி எழுதுனா என்னலே? யாரு வந்து பாக்கப் போறா?"

நீ தோசையைப் பிய்த்தபடியே, கோபமில்லாமல் சொன்னாய். "கூட்டி எழுதுனா, அத நம்பி யாராச்சும் மாத்திரைய நிறுத்திருவாகம்மா."

என் கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வேறு வந்தது. "அப்ப எதுக்கு இம்புட்டு வருசம் படிச்ச?" என்றேன். இரண்டாவது தோசையைத் தொடவில்லை, கை கழுவிக்கொண்டாய். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாய். தெருவில் கேட்டவர்களிடம், மகனுடைய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். நீ தோற்றுப்போய் வந்ததாக எண்ணி உன்னை மறைத்தேன். பொய்யாக ஜெயித்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். இப்போது இதை எழுதும்போது கை கூசுகிறது.

நீ அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் நான் ஏன் மாத்திரைக்குத் திரும்பவில்லை என்று நீ என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். திரும்பினால் நான் செய்தது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டதாகும். உன் மிஷினுக்குத் தெரியாதது என் உடம்புக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தை மாதம் கோயில் திருவிழா வந்தது. ஆட்டுக்கறி, கோழி, நெய்ச்சோறு என்று இரண்டு நாள் இலை நிறைந்தது. பொடியை இரண்டு கரண்டியாகக் கூட்டிக்கொண்டு, அந்தத் துணிச்சலில் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் சப்பரம் திரும்பும்போது தொப்புளுக்கு மேலே ஒரு வலி பிடித்தது. முதுகு வரைக்கும் போனது. குனிந்தால்தான் மூச்சு விட முடிந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மிஞ்சி ஏறியதால் வந்தது என்றார்கள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. அந்த நாட்கள் எனக்கு முழுதாக நினைவில் இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது லோயர் கேம்ப் வாய்க்காலாகிவிடும். வாய்க்கால் ஓரமாக நான் நடந்துகொண்டே இருப்பேன், குனிந்து அள்ளப்போனால் தண்ணீர் வெள்ளையாக இருக்கும். கண்ணைத் திறந்தால் நீ. மறுபடி மூடித் திறந்தாலும் நீ. சட்டையை மாற்றாமல் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய்.

டாக்டர் வந்து, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டீகளா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். உன் அப்பாவும், "நாந்தான் அட்டையப் பாத்துக்கிட்டே இருந்தேனே, கொறஞ்சுக்கிட்டேதான வந்துச்சு" என்றார். வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். உன் அப்பா பொடியைச் சொன்னார். உன் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதைப் படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். நீ வெளியே போய் உன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற வாத்தியாரம்மாவுக்குப் போன் போட்டாய். கதவு சரியாகச் சாத்தவில்லை. "மேடம், பொடியில நாம பாக்காம விட்டது ஏதோ இருக்கு போல. சாப்பிட்டவங்க எல்லாத்தையும் கூப்பிட்டுப் பாக்கணும். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல் உடைந்து உடைந்து வந்தது. அந்த வலியோடு இன்னும் பத்து நாள் கிடந்திருப்பேன். அந்தக் குரலை மட்டும் தாங்க முடியவில்லை.

நீ உள்ளே வந்ததும் சொன்னேன். "தம்பி, மாத்திரைய நான் முழுங்கல. செம்பருத்தித் தொட்டில போட்டேன்."

"எத்தன நாளா?"

"மழைக்கு முந்தி இருந்து."

"நான் வந்து சொன்ன அன்னைக்கும்?"

"ஆமா ராசா."

கட்டில் கம்பியில் நெற்றியைச் சாய்த்தாய். பிறகு எழுந்து போய் டாக்டரிடம் சொன்னாய். வாத்தியாரம்மாவுக்கும் சொன்னாய். மாத்திரை நின்றதும் அந்த விருந்துமே இது வரப் போதும், பொடியின் மேல் பழி போடத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னாராம். இருந்தாலும் நீ அந்தப் பொடி சாப்பிட்ட எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் தூங்கினாய் என்று உன் அப்பா சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து என் உதட்டில் ஒற்றிவிட்டுக்கொண்டே இருந்தாய். அப்போது நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது ஏன் என்று எனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாதது. நான் மட்டும் மாத்திரையை நிறுத்தவில்லை. சகாயத்தையும் நிறுத்த வைத்தேன். அவளும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொடியைக் கொடுத்து, "எம் மகன் கண்டுபிடிச்சது, இனி இது போதும்" என்று உன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் எல்லாம் சொன்னபோது இதை மட்டும் விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் தினமும் கஞ்சி கொண்டு வந்தாள். அவள் பேசப் பேச அவள் முகத்தில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஐந்தாம் நாள் தாங்கவில்லை. "சகாயம், மாத்திர போடுறியா?" என்றேன்.

"நீங்கதான நிறுத்தச் சொன்னீக மதினி?"

அவளைக் கையோடு கம்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். நிற்க முடியாத நிலையில்தான் போனேன். அவள் ரத்தத்திலும் கொழுப்பு ஏறியிருந்தது. டாக்டர் இருவரையும் உட்கார வைத்துத் திட்டினார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள், மாசியில் பார்த்தபோது இறங்கிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு மாதம் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பழம் பிரித்தாள். பாட்டும் இல்லை. இப்போது பேசுகிறாள். ஆனாலும் நான் எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குகிறாள். முறுக்கைக்கூட.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்க மாட்டாய், நானே கேட்டுக்கொள்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். நாம் ஆசைப்படுகிற ஒன்று உண்மை மாதிரி இனிப்பாகத் தோன்றும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள். அது நம்மோடு நிற்பதில்லை. நம்மை நம்புகிறவர்களின் வயிற்றுக்குள்ளும் போகிறது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் உன்னிடம் வந்து, முடியவில்லை, கிடைக்கவில்லை என்று சொன்னால், முதலில் இரண்டாவது தோசையைப் போடு. கேள்வியைப் பிறகு கேட்கலாம். அப்புறம், என் ரத்தம்தான் உனக்கும். வருடத்துக்கு ஒரு தரமாவது உன்னுடையதையும் பார்த்துக்கொள்.

நேற்று ஆலைக்கு ஒரு கார் வந்தது. எங்கிருந்தோ ஒரு ஆள், நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. திராட்சைச் சக்கையைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்கிறாராம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி, கொழுப்பெல்லாம் கரைந்துவிடும் என்று மேலே அச்சடித்திருக்கிறது. இங்கே வேலை செய்கிற பெண் யாராவது விளம்பரத்துக்காகப் போன் கேமரா முன்னால் நின்று பேசினால் நன்றாக இருக்கும் என்றார். சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார், "இவுக மகன் இதுலதான் ஆராய்ச்சி பண்ணுனவரு" என்று. அந்த ஆளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சும்மா. ஒங்க மகன் என்ன கண்டுபிடிச்சாருன்னு நீங்களே சொல்லுங்க."

"போன ஆன் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். மேசையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உன் முழுப்பெயரையும் சொன்னேன். "எம் மகன் இத ஆள் வச்சுப் பாத்தான். வித்தியாசம் தெரியலன்னு எழுதிருக்கான். அவன் சொன்னத கேக்காம நான் இத நம்பி மாத்திரைய நிறுத்துனேன். தேனி ஆஸ்பத்திரில தண்ணி குடிக்காமக் கெடந்தேன். யாரும் டாக்டர்கிட்ட கேக்காம மாத்திரைய நிறுத்தாதீக" என்றேன். பாதியிலேயே அவர் போனை இறக்கிவிட்டார். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது, நான் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

கார் போன பிறகு மேசையில் ஒரு சின்னப் பெண், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், "அப்ப இந்தச் சக்கையில ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று கேட்டாள். "தெரியல ஆத்தா, அவன் வெளிநாடு போயும் இன்னும் இதத்தான் பாத்துக்கிட்டிருக்கான்" என்றேன். எல்லாரும் மறுபடி பழம் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

பார்த்துவிட்டுச் சொல், ராசா. இருக்கிறது என்றாலும் சொல், இல்லை என்றாலும் அதே குரலில் சொல். இங்கே ஒரு மேசை நிறையப் பெண்கள் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறோம்.

உன் அம்மா